பச்சைச் சீட்டும் ஊதாப் பேனாவும்: காடாம்புலியூரிலிருந்து மேலவைக்குப் போன வழி

2019 டிசம்பர் கடைசி வாரத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், காடாம்புலியூர் வாக்குச்சாவடிக்குள் போனவர்கள் கையில் நான்கு நிறச் சீட்டுகள் கொடுக்கப்பட்டன. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். நான்கிலும் தனித்தனியாக முத்திரை குத்தி, மை ஒட்டிவிடாதபடி பதமாக மடித்து, ஒரே இரும்புப் பெட்டியில் போட வேண்டும். எம்.எல்.ஏ. தேர்தலுக்கு வருவதைப் போல இங்கே மின்னணு இயந்திரம் கிடையாது. எண்ணும் நாளில் பெட்டியை மேசையில் கவிழ்த்து, முதலில் நிறவாரியாகப் பிரித்து அடுக்கிய பிறகுதான் எண்ணிக்கையே தொடங்கும்.

வெள்ளையும் இளஞ்சிவப்பும் ஊருக்கு நன்றாகத் தெரிந்த சீட்டுகள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் வார்டு மெம்பரைக் கேட்பார்கள், தண்ணீர்த் தொட்டி நிரம்பவில்லை என்றால் பிரசிடெண்ட் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். பச்சைக்கும் மஞ்சளுக்கும் இரண்டாவது வேலை ஒன்று உண்டு. அவற்றால் தேர்வான கவுன்சிலர்கள் 2020 ஜனவரி 11 அன்று மறுபடி கூடி, தங்களுக்குள் வாக்களித்து ஒன்றியக் குழுத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் தேர்ந்தெடுத்தார்கள். மறைமுகத் தேர்தல் என்று செய்தித்தாள்கள் சொல்வது இதைத்தான். பண்ருட்டி ஒன்றியத்துக்கு யார் சேர்மன் என்பதைக் காடாம்புலியூர் மக்கள் நேரடியாகத் தீர்மானிக்கவில்லை. அவர்கள் அனுப்பியவர் மற்றவர்களோடு சேர்ந்து தீர்மானித்தார்.

உள்ளாட்சிக்குப் போட்ட ஓட்டுக்கு ஒரு காலத்தில் மூன்றாவது வேலையும் இருந்தது. அது சென்னைக் கோட்டை வரை போய், சட்டமன்றத்தின் மேலவையில் ஓர் உறுப்பினரை உட்கார வைத்தது. இப்போது நாற்பது வயதுக்குள் இருப்பவர்களுக்கு, மேலவை உறுப்பினரைக் குறிக்கும் எம்.எல்.சி. என்ற மூன்றெழுத்தே பழக்கமில்லை. அந்த வழி எப்படி இருந்தது, எப்படி அறுந்தது என்பதைப் பண்ருட்டி–வடலூர் சாலையில் முந்திரித் தோப்புகளுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரிலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்திலேயே நெய்வேலி இருப்பதால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அதற்குக் காரணம் பிறகு வரும்.

சென்னை மாகாணத்துக்கு மேலவை வந்தது 1937-ல், 1935-ம் வருடத்து இந்திய அரசுச் சட்டத்தின்படி. அதில் 54 முதல் 56 இடங்கள். பெரும்பாலானவை தேர்தலால் நிரம்பின. ஆனால் ஓட்டு, சொத்தும் அந்தஸ்தும் உள்ள மிகச் சிலருக்குத்தான். இந்த ஊர் அன்று இருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் மானாவாரி நிலத்தில் உழுதவருக்கு அந்த அவையோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. 1952-ல் அரசியல் சட்டப்படி அமைந்த மேலவைதான் உள்ளாட்சியை உள்ளே கொண்டுவந்தது. மூன்றில் ஒரு பங்கினரை உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், இன்னொரு மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டதாரிகளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, ஆசிரியர்களுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. மிச்சத்தை ஆளுநர் நியமிப்பார். 1957-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு மேலவையின் பலம் 63 ஆனது. உள்ளாட்சிக்கு 21, எம்.எல்.ஏ.க்களுக்கு 21, பட்டதாரிகளுக்கு 6, ஆசிரியர்களுக்கு 6, நியமனம் 9.

இந்த அவையைப் பின்வாசல் என்று சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள். 1952-ல் தேர்தலில் நிற்காத ராஜாஜி, மேலவைக்கு நியமிக்கப்பட்டுத்தான் முதலமைச்சர் ஆனார். அந்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. 1967-ல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபடியே முதலமைச்சரான அண்ணாவும் மேலவை வழியாகத்தான் சட்டமன்றத்துக்குள் வந்தார். எனக்கு இந்தப் பெரிய பெயர்களை விட முக்கியமாகப் படுவது அந்த 21 இடங்கள்.

1958-ல் வந்த ஊராட்சிச் சட்டமும் அதைத் தொடர்ந்து உருவான ஊராட்சி ஒன்றியங்களும் அந்த 21 இடங்களுக்கு உயிர் கொடுத்தன. அப்போதைய ஒன்றியக் குழு இன்றையதைப் போல் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களால் ஆனதல்ல. ஒன்றியத்துக்குள் இருக்கும் ஊராட்சிகளின் தலைவர்களே அதன் உறுப்பினர்கள். ஊருக்குக் கிணறு வெட்டுவதையும் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடுவதையும் பார்த்துக்கொண்டிருந்த அதே பிரசிடெண்ட், ஒன்றியக் குழு உறுப்பினர் என்ற உரிமையில் மேலவைத் தேர்தலுக்கு வாக்காளரும் ஆனார். ஊர் அவருக்கு ஓட்டுப் போட்டது, அவர் மேலவைக்கு ஓட்டுப் போட்டார். நடுவில் இருந்தது ஒரே ஒரு படி.

அந்த ஓட்டுச் சீட்டும் வேறு மாதிரி. முத்திரை குத்தும் வேலை இல்லை. வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எண்ணால் எழுத வேண்டும். முதல் விருப்பம் பெற்றவர் தேவைக்கு மேல் ஓட்டு வாங்கிவிட்டாலோ கடைசியில் போய்விட்டாலோ, சீட்டு இரண்டாவது விருப்பத்துக்கு நகரும். ஊராட்சித் தலைவர் ஒருவர் அந்தச் சீட்டின் முன்னால் நின்று, நம் சாதிக்காரருக்கு ஒன்று, நம் கட்சிக்காரருக்கு இரண்டு என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தென்னார்க்காட்டிலிருந்து மேலவைக்குப் போக விரும்பிய ஒருவர், முந்திரி விளையும் ஊர், கரும்பு விளையும் ஊர், கடலோர ஊர் என்று ஒவ்வொரு பிரசிடெண்டையும் தேடிப் போய்த்தான் ஆக வேண்டும். கோட்டையில் உட்காரப் போகிறவர் கிராமத்துத் திண்ணைக்கு வந்து ஓட்டுக் கேட்கும் நிலையை அந்த ஏற்பாடு உண்டாக்கியது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இனி நெய்வேலி. 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அதன் பிறகு காட்டு நிலத்தில் ஒரு நகரியம் எழுந்தது. பொறியாளர்கள், கணக்கர்கள், மருத்துவர்கள், பள்ளி ஆசிரியர்கள் எனப் படித்தவர்கள் வந்து குடியேறினார்கள். மேலவை விதிப்படி, பட்டம் பெற்று மூன்று வருடம் ஆன ஒருவர் பட்டதாரித் தொகுதியில் நேரடியாக ஓட்டுப் போடலாம். உயர்நிலைப் பள்ளியிலோ அதற்கு மேலோ பாடம் நடத்தும் ஆசிரியருக்கு ஆசிரியர் தொகுதியில் ஓட்டு. பட்டமும் வைத்து ஆசிரியராகவும் இருந்தால் இரண்டிலும் ஓட்டு. நகரியத்து வீடுகளில் இந்தத் தகுதி நிறைய இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கைத்தோல் கறுத்துப்போன பெண்ணுக்கு மேலவையில் நேரடி ஓட்டு எதுவும் இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் பிரசிடெண்ட் வழியாகப் போன அந்த ஓட்டுதான்.

படிப்புக்கு இப்படித் தனி ஓட்டுக் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மேலவையின் கடைசித் தலைவர் ம.பொ.சி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்தவர். சிலப்பதிகாரத்தை மேடைதோறும் கொண்டுபோன அந்த அறிஞர் அவைக்கே தலைமை தாங்கினார். பள்ளிப் படிப்பை வைத்துப் பார்த்தால் பட்டதாரித் தொகுதியின் வாக்காளர் பட்டியலில் அவருக்கு இடமில்லை. அந்த விதியின் குறையைக் காட்ட இதைவிட வேறு சான்று வேண்டுமா?

உலகத்தில் இதைவிட மோசமான ஏற்பாடும் இருந்திருக்கிறது. சுவீடன் முடியாட்சியில் 1866-ல் பழைய நான்கு வர்க்க சபைகளைக் கலைத்துவிட்டு இரண்டு அவை கொண்ட நாடாளுமன்றத்தை அமைத்தார்கள். மேலவைக்கு உறுப்பினர்களை அனுப்பும் பொறுப்பு மாவட்ட மன்றங்களுக்கும் பெரிய நகரங்களின் மன்றங்களுக்கும். நம் மேலவையின் 21 இடங்களைப் போல, அங்கே முழு அவையுமே உள்ளாட்சி வழியாக வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு எத்தனை ஓட்டு என்பதை அவர் கட்டும் வரி தீர்மானித்தது. அதிக வருமானம், அதிக நிலம் என்றால் அதிக ஓட்டு. வரி கட்டும் கம்பெனிகளுக்கும் ஓட்டு உண்டு. 1871-ல் 54 கிராம ஊராட்சிகளில் ஒரே ஒரு மனிதரின் ஓட்டுகள் மற்ற எல்லோருடைய ஓட்டுகளின் கூட்டுத்தொகையையும் மிஞ்சின. நம் வட்டாரத்துக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், சுரங்க நிறுவனமே காடாம்புலியூர் ஊராட்சித் தேர்தலில் வரிக் கணக்கைக் காட்டி ஆயிரக்கணக்கில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போவதைப் போன்றது அது. மேலவைக்குப் போட்டியிடவும் 80,000 ரிக்ஸ்டாலர் பெறுமான சொத்தோ வருடத்துக்கு 4,000 ரிக்ஸ்டாலர் வருமானமோ வேண்டும். அதனால் அங்கே நிலப்பிரபுக்களும் உயர் அதிகாரிகளும் ஆலை முதலாளிகளுமே நிறைந்தார்கள்.

சுவீடன் மக்கள் அந்தக் குறையைக் கீழேயிருந்து சரிசெய்தார்கள். 1909-ல் ஒருவருக்கு அதிகபட்சம் 40 ஓட்டு என்று வரம்பு கட்டினார்கள். 1918 டிசம்பரில் உள்ளாட்சியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஆளுக்கு ஓர் ஓட்டு என்று முடிவானது. அந்த ஒரே மாற்றத்தால், பணக்காரர்களின் கோட்டையாக இருந்த மேலவை உழைப்பாளர் கட்சியின் கைக்கு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது. மேலே யார் உட்காருகிறார்கள் என்பதை மாற்ற, கீழே ஓட்டை மாற்றினால் போதுமாயிருந்தது. ஆனால் இன்னொரு தொல்லை தீரவில்லை. எட்டு வருடப் பதவிக்காலம், வருடத்துக்கு எட்டில் ஒரு பங்கு தேர்தல் என்பதால், கீழே மக்கள் மனம் மாறி வெகு காலம் ஆன பிறகும் மேலே பழைய கணக்கே ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட விவாதத்துக்குப் பின் மேலவையே வேண்டாம் என்று முடிவெடுத்து, 1971 ஜனவரியிலிருந்து ஒரே அவையோடு நடத்துகிறார்கள். உள்ளாட்சித் தேர்தலை ஒருபோதும் நிறுத்தி வைக்கவில்லை.

நம் ஊரில் நடந்தது நேர்மாறு. தமிழ்நாட்டில் 1970-ல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986 பிப்ரவரியில். இடையில் பதினாறு வருடம். பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளும் ஒன்றியங்களும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. உள்ளாட்சி வழியாக மேலவைக்கு வந்திருந்தவர்கள் ஆறு வருடம் முடிந்து ஒவ்வொரு தொகுதியாக வெளியேறியபோது, அந்த நாற்காலிகளுக்குப் புதியவர்களை அனுப்பக் கீழே வாக்காளரே இல்லை. தனி அலுவலருக்கு மேலவைத் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. உள்ளாட்சிக்கென்று அரசியல் சட்டம் ஒதுக்கிய மூன்றில் ஒரு பங்கு இப்படித்தான் வெறுமையானது. மேலவை 1986-ல் ஒழிக்கப்பட்டது என்று வரலாற்றில் எழுதுகிறோம். காடாம்புலியூரைப் பொறுத்தவரை அது பல வருடம் முன்பே கையை விட்டுப் போய்விட்டது.

1986 பிப்ரவரித் தேர்தலில் தி.மு.க. பல நகராட்சிகளைப் பிடித்தது. அதே கணக்கில் மேலவையின் உள்ளாட்சி இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் எதிர்க்கட்சியின் பலம் அங்கே கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கருணாநிதியும் அப்போது மேலவை உறுப்பினர்தான். நியமன உறுப்பினர் ஒருவரின் தகுதி பற்றிய சர்ச்சையும் அந்த நேரத்தில் வெடித்தது. மே 14-ல் மேலவையை நீக்கக் கோரும் தீர்மானத்தை எம்.ஜி.ஆர். அரசு பேரவையில் நிறைவேற்றியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, நவம்பர் 1 முதல் மேலவை இல்லாமல் போனது. பதினாறு வருடம் காத்திருந்து கட்டிய படிக்கட்டு, அது போய்ச் சேர வேண்டிய மாடி ஒன்பதே மாதத்தில் இடிந்ததால் நடுவானில் நின்றது. நியமன விவகாரத்தை மட்டுமே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புதிதாகத் தேர்வான ஆயிரக்கணக்கான உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் ஓட்டு அன்று பயன்படாமலே போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அது தீராத ஆதங்கம்.

அதற்குப் பிறகு நடந்தது ஏற்றமும் இறக்கமும். தி.மு.க. ஆட்சிக்கு வந்த 1989-லும் 1996-லும் மேலவையை மீட்கத் தீர்மானம், அ.தி.மு.க. வந்ததும் அது ரத்து. 2010-ல் மட்டும் காரியம் வெகுதூரம் போனது. ஏப்ரல் 12-ல் பேரவைத் தீர்மானம், அடுத்த மாதமே நாடாளுமன்றத்தில் சட்டம், 78 இடங்கள், அதில் 26 உள்ளாட்சிக்கு. வாக்காளர் பட்டியல் வேலையும் தொடங்கியது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது, 2011-ல் ஆட்சி மாறியது, புதிய பேரவை ஜூன் மாதமே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. இந்த வாதங்களில் எல்லாம் செலவு, கௌரவம், தோற்றவர்களுக்குப் பதவி என்ற பேச்சுகளே ஓங்கி ஒலித்தன. ஊராட்சியின் ஓட்டு என்பது ஓரத்தில்கூட வரவில்லை.

இன்று காடாம்புலியூர் மக்களின் ஓட்டு மறைமுகமாகப் போய்ச் சேரும் மேலவை டெல்லியில்தான் இருக்கிறது. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011 முதல் இந்த ஊர் நெய்வேலி சட்டமன்றத் தொகுதியில் வருகிறது. ஊரும் நகரியமும் சேர்ந்து ஓர் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கின்றன, அவர் மற்ற 233 பேரோடு சேர்ந்து மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புகிறார். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள். ஆறு இடம் காலியானால் ஒருவர் வெல்ல 34 எம்.எல்.ஏ.க்களின் ஓட்டு வேண்டும். இங்கே பட்டதாரிக்கும் முந்திரித் தொழிலாளிக்கும் ஒரே மதிப்புள்ள ஓட்டுதான். பழைய மேலவையை விட இதில் சமத்துவம் அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த ஓட்டைப் போடும் விதத்தைப் பாருங்கள். தேர்தல் ஆணையம் தரும் ஊதா நிற ஸ்கெட்ச் பேனாவால்தான் விருப்ப எண்ணை எழுத வேண்டும். 2016-ல் ஹரியானாவில் வேறு பேனாவால் எழுதியதாகப் பல ஓட்டுகள் செல்லாமல் போய், முடிவே மாறியது. 2003-ல் சட்டத்தைத் திருத்தி ரகசிய ஓட்டை எடுத்துவிட்டார்கள். எழுதிய சீட்டை எம்.எல்.ஏ. தன் கட்சி முகவரிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். விலைக்கு ஓட்டு விற்பதைத் தடுக்க இது தேவை என்றார்கள், உச்ச நீதிமன்றமும் 2006-ல் ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டில் அந்தப் பேனாவுக்கே வேலை குறைவு. கடைசியாகப் போட்டி வந்து வாக்குப்பதிவு நடந்தது 2013 ஜூனில். 2025 ஜூனில் கமல்ஹாசன் உட்பட ஆறு பேரும் போட்டியில்லாமல் தேர்வானார்கள். கட்சித் தலைமைகள் எண்ணிக்கையைப் பேசி முடித்துக்கொள்கின்றன, எம்.எல்.ஏ. பேனாவைத் தொடுவதே இல்லை. ஊர்க்காரர் ஒருவரின் ஓட்டு மாநிலங்களவை வரை போகிறது என்று பாடப்புத்தகம் சொல்வது, நடைமுறையில் கட்சி அலுவலக வாசலோடு நின்றுவிடுகிறது.

பக்கத்துக் கர்நாடகத்தில் இன்றும் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மேலவைக்கு ஓட்டுப் போடுகிறார்கள்; 75 இடங்களில் 25 உள்ளாட்சி அமைப்புகளுக்கு உரியவை. பணமும் பரிசும் புழங்குவதாக ஒவ்வொரு முறையும் புகார் எழுகிறது. வாக்காளர் கூட்டம் சிறியதாக இருந்தால் விலை பேசுவது சுலபம். மறைமுகத் தேர்தலுக்கு எங்கே போனாலும் இருக்கும் நோய் அது. ஒன்றியச் சேர்மன் தேர்தலின்போது கவுன்சிலர்களை வெளியூர் கூட்டிப் போவதைப் பார்த்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் வேறு காட்சி. அங்கே உள்ளாட்சித் தேர்தல்கள் 2022 முதல் தள்ளிப்போனதால், மேலவையின் உள்ளாட்சி இடங்கள் பல காலியாகக் கிடந்தன. முக்கால்வாசி உள்ளாட்சி அமைப்புகளாவது இயங்கினால்தான் தேர்தல் நடத்துவது என்பது தேர்தல் ஆணையத்தின் வழக்கம். நம் 1970-களின் கதையேதான், அரை நூற்றாண்டு கழித்து.

இந்த வட்டாரத்துக்கு மேலே ஒரு குரல் எவ்வளவு தேவை என்பது அடிக்கடி தெரிய வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது, பண்ருட்டிப் பகுதியில் தலைமுறை கண்ட பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் ஒரே இரவில் சாய்ந்தன. 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காக மேல்வளையமாதேவியில் கதிர் பிடிக்கும் முன்பே நெல் வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. மேலவையில் ஒரு தென்னார்க்காட்டு உறுப்பினர் இருந்திருந்தால் அந்த இயந்திரங்கள் நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிரசிடெண்டுகளின் ஓட்டில் வந்த ஒருவருக்கு அந்த வயல்களைப் பற்றி அவையில் எழுந்து பேச வேண்டிய கட்டாயம் இருந்திருக்கும். அடுத்த முறை அவர் கேட்டு வர வேண்டிய திண்ணைகள் அந்த ஊர்களில்தான் இருக்கின்றன.

மேலவை மறுபடி வர வேண்டும் என்று விரும்புகிறவர்கள் உண்டு, வேண்டாம் என்கிறவர்களும் உண்டு. பட்டதாரிக்குத் தனி ஓட்டு, ஆசிரியருக்குத் தனி ஓட்டு என்ற பழைய உருவத்திலேயே வருவதானால் நான் வேண்டாம் என்பேன். உள்ளாட்சியின் பங்கைப் பெருக்கி, கிராம ஊராட்சித் தலைவரையும் வாக்காளராக்கி வருமானால் வரவேற்பேன். ஆனால் அந்த விவாதத்தைத் தொடங்கவே இப்போது இடமில்லை. 2019-ல் அந்த நான்கு நிறச் சீட்டுகளால் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. கடலூர் மாவட்டத்தின் 14 ஒன்றியங்களும் அவற்றின் ஊராட்சிகளும் மறுபடி தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் கட்டாயம் என்று 73-வது அரசியல் சட்டத் திருத்தம் சொல்லி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வார்டு வரையறை, இட ஒதுக்கீடு, வழக்கு என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வருகிறது. 2016-ல் நடக்க வேண்டிய தேர்தல் 2019-க்குப் போனதும் அப்படித்தான். காடாம்புலியூர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கோட்டையில் எத்தனை அவை என்பதல்ல. பச்சைச் சீட்டும் மஞ்சள் சீட்டும் ஊருக்கு எப்போது வரும் என்று தேதி கேட்க வேண்டும்.